காப்பி பறிக்கப் போனவர்கள், கார் செய்ய வந்தவர்கள்
ஜப்பான் - பிரேசில் உறவின் நூறாண்டுக் கதை

1908-ம் ஆண்டு ஜூன் மாதம் 18-ந் தேதி. பிரேசில் நாட்டின் சாண்டோஸ் துறைமுகத்தில் "கசாட்டோ மாரு" என்ற ஜப்பானியக் கப்பல் வந்து நின்றது.

ஏப்ரல் 28-ந் தேதி கோபே துறைமுகத்தில் கிளம்பிய கப்பல் அது. சிங்கப்பூர் வழியாக வந்து, ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு, 52 நாள் கடலில் கிடந்து கரை சேர்ந்திருந்தது. கப்பல்கூட ஜப்பானியர் கட்டியதல்ல. ரஷியாவுடன் நடந்த போரில் பிடித்த கப்பல். பழைய பெயர் "கசான்".

அதிலிருந்து 781 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கினார்கள். ஆண்கள் கோட்டும் தொப்பியும் அணிந்திருந்தார்கள். கையில் பட்டுத் துணியில் செய்த சின்னக் கொடிகள்: ஒன்று ஜப்பான் கொடி, ஒன்று பிரேசில் கொடி.

அது ஜூன் மாதத் திருவிழாக் காலம். ஊரெல்லாம் வாணவேடிக்கை. அது தங்களை வரவேற்கத்தான் என்று கப்பலில் இருந்தவர்கள் நம்பினார்களாம்.

சாவோ பாலோ நகரில் குடியேறிகள் விடுதிக்கு ரெயிலில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே அவர்களைப் பார்த்த "கொரேயோ பாலிஸ்தானோ" பத்திரிகைக்காரர் அசந்துபோய் எழுதினார். இத்தனை பேர் சாப்பிட்டு எழுந்த கூடத்தில் எச்சில் இல்லை, சிகரெட் துண்டு இல்லை என்பதுதான் அவருடைய ஆச்சரியம்.

இந்த இரு நாடுகளும் பூமி உருண்டையில் ஏறத்தாழ எதிரும் புதிருமாக இருப்பவை. டோக்கியோவில் காலை ஆறு மணி என்றால் சாவோ பாலோவில் முந்தின நாள் மாலை ஆறு மணி. சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். மொழி வேறு, மதம் வேறு, சாப்பாடு வேறு. ஆனால், தனக்கு வெளியே ஜப்பானிய வம்சத்தினர் மிக அதிகமாக வாழும் நாடு எது என்று ஜப்பானைக் கேட்டால், அமெரிக்கா என்று சொல்லாது. பிரேசில் என்றுதான் சொல்லும். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

இது எப்படி வந்தது?

பணம் காய்க்கும் மரம்

பிரேசில் 1888-ம் ஆண்டில்தான் அடிமை முறையை ஒழித்தது. காப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. முதலில் இத்தாலியிலிருந்து ஏழைகளைக் கொண்டுவந்தார்கள். தோட்ட முதலாளிகளோ அடிமைகளை நடத்திப் பழகியவர்கள். புகார் மேல் புகார் போகவே, 1902-ல் இத்தாலி அரசாங்கம், "இனி இலவசக் கப்பல் டிக்கெட் கொடுத்து எங்கள் ஆட்களை பிரேசிலுக்கு அழைத்துப் போகக் கூடாது" என்று தடை போட்டது.

அந்தப் பக்கம் ஜப்பானில் கிராமங்கள் வறுமையில் கிடந்தன. ரஷியாவுடன் போரில் ஜெயித்தும் கஜானா காலி. அமெரிக்கா போய்ப் பிழைக்கலாம் என்றால், 1907-ல் அமெரிக்கா கதவைச் சாத்தத் தொடங்கியது.

இருவரும் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் தவறில்லை. தூதர் உறவு ஏற்கெனவே இருந்தது. 1895-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி, பாரிஸ் நகரில் இரு நாடுகளும் நட்பு, வணிக உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தன. அந்தக் காகிதத்துக்கு உயிர் கொடுத்தது ராஜதந்திரிகள் அல்ல. ரியூ மிசுனோ என்ற குடியேற்றக் கம்பெனிக்காரர். சாவோ பாலோ மாநிலத்துடன் பேசி, ஆட்களை அனுப்ப ஒப்பந்தம் போட்டவர் அவர்தான்.

காப்பிச் செடியை ஜப்பானிய கிராமங்களில் எப்படி விளம்பரப்படுத்தினார்கள் தெரியுமா? "பணம் காய்க்கும் மரம்" என்று! நாலைந்து வருஷம் பறித்தால் போதும், மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பி நிலம் வாங்கலாம் என்றார்கள். போனவர்களில் யாரும் அங்கேயே தங்கிவிடுவதாகப் போகவில்லை.

ஒரு நிபந்தனை இருந்தது. தனி ஆளாக வரக் கூடாது. குடும்பமாக வர வேண்டும். குடும்பத்தில் வேலை செய்யத் தக்கவர்கள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். தனி ஆள் என்றால் ஓடிப்போய்விடுவான், குடும்பஸ்தன் என்றால் கட்டுண்டு கிடப்பான் என்பது முதலாளிகளின் கணக்கு. ஜப்பானியரும் லேசுப்பட்டவர்கள் அல்ல. தம்பியைத் தத்துப் பிள்ளையாக எழுதினார்கள். அறிமுகமே இல்லாத பெண்ணை மனைவி என்று பதிந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் மைத்துனன் ஆனான். கப்பலில் வந்த குடும்பங்களில் காகிதக் குடும்பங்கள் பல.

ஆறு தோட்டங்கள்

781 பேரையும் ஆறு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள்.

அங்கே போய்ப் பார்த்தால், அறுவடைக் காலம் தொடங்கிப் பாதி போய்விட்டது. அந்த வருஷம் விளைச்சலும் மோசம். கூலி நாள் கணக்கில் அல்ல. 50 லிட்டர் பைக்கு இவ்வளவு என்று. கம்பெனி சொன்ன பைகளில் கால் பங்குகூடப் பறிக்க முடியவில்லை. விடியுமுன் மணி அடிக்கும். எழுந்து போக வேண்டும். தங்கும் இடமோ அடிமைகள் காலத்துக் கொட்டடியை நினைவூட்டும் மண் தரை வீடு.

சாமான் வாங்கத் தோட்டத்துக் கடை ஒன்றுதான். வெளியே போய் வாங்க வழியில்லை. கடையில் கணக்கு எழுதுவார்கள், கூலியில் பிடிப்பார்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், வேலை செய்தவன் முதலாளிக்குப் பாக்கி! கங்காணி காலத்துத் தேயிலைத் தோட்டத்தில் நம் ஆட்கள் கண்ட அதே கணக்கு. மொழி மட்டும் போர்த்துக்கீசியம்.

டூமான்ட் தோட்டத்துக்குப் போன சுமார் 200 பேரும் சில மாதங்களுக்குள் வெளியேறிவிட்டார்கள். மற்றத் தோட்டங்களிலும் இரவோடு இரவாக மூட்டை கட்டினார்கள். சிலர் சாண்டோஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். சிலர் ரெயில் பாதை போடப் போனார்கள். சிலர் எல்லை தாண்டி அர்ஜென்டினாவுக்கே போய்விட்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் முதல் கப்பலில் வந்தவர்களில் பெரும்பாலோர் தாங்கள் அனுப்பப்பட்ட தோட்டத்தில் இல்லை.

மிசுனோவுக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். அவர் முதல் தடவை கையைச் சுட்டுக்கொண்டார் என்றாலும், ஆள் கொண்டுவந்ததற்குப் பரிசாக சாவோ பாலோ மாநிலம் அவருக்கு இலவசமாகக் காப்பிக் கொட்டை கொடுத்தது. அதை வைத்து 1911-ல் டோக்கியோவின் கின்சா வீதியில் "கஃபே பாலிஸ்டா" என்ற காப்பிக் கடை திறக்கப்பட்டது. தேநீர் குடித்துப் பழகிய ஜப்பானியர் காப்பி குடிக்கக் கற்றது இப்படி. இங்கிருந்து ஆள் போனான், அங்கிருந்து காப்பி வந்தது. இரண்டு நாட்டுக்கும் நடந்த முதல் பெரிய கொடுக்கல் வாங்கல் இதுதான்.

காடு வெட்டிய கதை

தோட்டத்தை விட்டு ஓடியவர்கள் சொந்த நிலம் தேடினார்கள். முதல் கப்பலில் வந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் உன்பெய் ஹிரானோ. அவர் தலைமையில் 1915-ல் பல குடும்பங்கள் காட்டுக்குள் போய்க் குடியேறின. தண்ணீர் வசதி பார்த்து ஆற்றோரத் தாழ்வில் குடிசை போட்டார்கள். நெல் போடுகிற ஜாதிக்குத் தண்ணீரைக் கண்டால் கால் நின்றுவிடும் அல்லவா? அங்கேதான் மலேரியாக் கொசு. சில மாதங்களுக்குள் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஹிரானோவும் 1919-ல் இளம் வயதிலேயே காலமானார்.

இருந்தும் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. 1924-ல் அமெரிக்கா ஜப்பானியருக்கு முழுக்கவே கதவடைத்தது. ஜப்பான் அரசாங்கமே செலவை ஏற்று ஆட்களை பிரேசிலுக்கு அனுப்பியது. 1908 முதல் 1941 வரை போனவர்கள் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர்.

இவர்கள் பிரேசிலின் சாப்பாட்டுத் தட்டையே மாற்றிவிட்டார்கள். சாவோ பாலோ நகரைச் சுற்றிலும் காய்கறி, உருளைக்கிழங்கு, பழம், கோழி முட்டை எல்லாம் ஜப்பானியர் கை. 1927-ல் கொத்தியா என்ற இடத்தில் உருளைக்கிழங்கு விவசாயிகள் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கம் பின்னால் தென் அமெரிக்காவின் மிகப் பெரிய விவசாயக் கூட்டுறவுகளில் ஒன்றாக வளர்ந்தது. 1994-ல் அது கடனில் மூழ்கி மூடப்பட்டது தனிக் கதை.

நமக்குச் சம்பந்தப்பட்ட இரண்டு பயிர்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

ஒன்று சணல். பிரேசில் காப்பியை மூட்டை கட்டச் சாக்கு வேண்டும். அந்தச் சணலும் சாக்கும் கல்கத்தாப் பக்கமிருந்துதான் போய்க்கொண்டிருந்தன. அமேசான் ஆற்றங்கரையில் குடியேறிய ஜப்பானியர் 1930-களில் இந்திய விதையைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். செடி ஆள் உயரத்துக்குமேல் வளராமல் கிளைத்துக் கிளைத்து வீணாயிற்று. ரியோட்டா ஓயாமா என்ற விவசாயியின் வயலில் மட்டும் ஓரிரு செடிகள் தப்பி நெட்டையாக வளர்ந்தன. அந்தச் செடியின் விதையிலிருந்து அமேசான் சணல் பெருகியது. பிரேசிலுக்குப் பிறகு வங்காளத்துச் சாக்கு தேவைப்படவில்லை.

மற்றொன்று மிளகு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த கொடி. 1933-ல் அமேசான் பக்கம் டோமே அசூ குடியேற்றத்துக்குப் போகும் வழியில், மாக்கினோசுகே உசுயி என்பவர் சிங்கப்பூரில் இருபது மிளகுக் கன்றுகள் வாங்கிக் கப்பலில் ஏற்றினார். பிழைத்தவை இரண்டோ மூன்றோதான். அதுவும் பல வருஷம் யாரும் சீந்தாமல் கிடந்தது. உலகப் போரினால் தென்கிழக்காசிய மிளகுத் தோட்டங்கள் அழிய, போருக்குப் பின் மிளகு விலை வானத்துக்குப் போயிற்று. மலேரியாவிலும் பசியிலும் கிடந்த டோமே அசூவில் மாடி வீடுகள் எழுந்தன. மிளகை அவர்கள் "கறுப்பு வைரம்" என்றார்கள். பின்னர் வேர் அழுகல் நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்தது. அதோடு ஒரே பயிரை நம்பும் பழக்கத்தை விட்டார்கள். இப்போது அங்கே மிளகு, கொக்கோ, பழமரங்கள், காட்டு மரங்கள் எல்லாம் அடுக்கடுக்காகக் கலந்து நிற்கின்றன. உலகம் முழுவதிலுமிருந்து விவசாய நிபுணர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். உலக மிளகுச் சந்தையில் கொச்சி வியாபாரிகளுக்கு பிரேசில் போட்டியாக நிற்பதற்கு ஆரம்பம் அந்த இரண்டு மூன்று கன்றுகள்தான்.

வாயைத் திறந்தால் குற்றம்

1930-களில் காற்று மாறியது. குடியேறிகள் கூடிவிட்டார்கள், தனித் தனிக் கூட்டமாக வாழ்கிறார்கள், நம்மோடு கலக்கவில்லை என்று பிரேசிலில் கூச்சல் எழுந்தது. 1934-ம் ஆண்டு அரசியல் சட்டத்தில், எந்த நாட்டிலிருந்தும் வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு கட்டினார்கள். அடி விழுந்தது முக்கியமாக ஜப்பானியருக்கு.

சர்வாதிகாரி வர்காஸ் ஆட்சியில் அந்நிய மொழிப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. 1941-ல் ஜப்பானிய மொழிப் பத்திரிகைகள் நின்றன. 1942 ஜனவரியில் பிரேசில், ஜப்பானுடன் உறவை முறித்துக்கொண்டது. பிறகு தெருவில் ஜப்பானிய மொழி பேசினாலே சிறை. ரேடியோப் பெட்டிகளைப் பறித்தார்கள். அடுத்த ஊருக்குப் போகப் போலீஸ் அனுமதிச் சீட்டு.

1943 ஜூலை 8-ந் தேதி சாண்டோஸ் நகரில் ஓர் உத்தரவு வந்தது. துறைமுகம் அருகே கப்பல்களை எதிரி நீர்மூழ்கி தாக்கியது என்று காரணம் சொல்லி, ஜப்பானியரும் ஜெர்மானியரும் 24 மணி நேரத்தில் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். சுமார் 6,500 பேர், பெரும்பாலோர் ஜப்பானியர். வீடு, கடை, படகு, கோழி, அடுப்பில் கொதித்த உலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரெயிலேறினார்கள். 35 வருஷத்துக்கு முன் கொடி பிடித்துக்கொண்டு இறங்கிய அதே ஊர்.

படிக்கப் பத்திரிகை இல்லை, கேட்க ரேடியோ இல்லை, மொழி தெரியாது. இதன் விளைவு கொடுமையானது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. பிரேசில் ஜப்பானியரில் மிகப் பலர் அதை நம்பவில்லை! ஜப்பான் ஜெயித்துவிட்டது, நம்மை அழைத்துப்போகக் கப்பல் வருகிறது என்று வதந்தி. "ஜெயித்தோம்" கட்சி ஒன்று, "தோற்றோம்" கட்சி ஒன்று. ஜெயித்ததாக நம்பிய "ஷிண்டோ ரென்மெய்" என்ற இயக்கத்தின் தீவிரவாதிகள், தோல்வியை ஒப்புக்கொண்டவர்களைத் துரோகிகள் என்று சுட்டார்கள். முதல் கொலை 1946 மார்ச்சில் பாஸ்டோஸ் என்ற ஊரில் நடந்தது. செத்தவர் அந்த ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமை அதிகாரி. மொத்தம் 23 பேர் செத்தார்கள். கொன்றவரும் ஜப்பானியர், செத்தவரும் ஜப்பானியர்.

இதற்கிடையே சில மோசடிப் பேர்வழிகள், மதிப்பிழந்த ஜப்பானியப் பணத்தை அப்பாவிகளிடம் விற்றுக் காசு பார்த்தார்கள். ஊருக்குப் போகும் கப்பலுக்கு டிக்கெட் என்று சொல்லியும் விற்றார்கள். நிலத்தை விற்று வாங்கியவர்கள் உண்டு.

போலீஸ் ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்தது. சக்கரவர்த்தியின் படத்தை மிதிக்கச் சொன்னார்கள் என்றும், அன்சியேட்டா தீவுச் சிறையில் சித்திரவதை செய்தார்கள் என்றும் பிழைத்தவர்கள் சொன்னார்கள். பல பத்தாண்டு காலம் அந்தச் சமூகத்தில் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 2024 ஜூலை 25-ந் தேதிதான், அரசாங்கத்தின் பொது மன்னிப்புக் கமிஷன், போர்க்காலத்திலும் அதன் பின்பும் ஜப்பானியக் குடியேறிகளைக் கொடுமைப்படுத்தியதற்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது. கேட்க உயிரோடு இருந்தவர்கள் எத்தனை பேர்?

இரும்பும் சோயாவும்

போர் முடிந்தபின் திரும்பிப் போகும் ஆசை விட்டுப்போயிற்று. சாம்பலாய்க் கிடந்த ஊருக்குப் போய் என்ன செய்வது? பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். சாவோ பாலோவின் லிபெர்டாடே பகுதியில் கடை வைத்தார்கள். 1969-ல் ஒரு ஜப்பானிய வம்சத்தவர் முதன்முதலாக பிரேசிலில் மந்திரி ஆனார்.

1952-ல் தூதர் உறவு மறுபடி மலர்ந்தது. இந்தத் தடவை ஆள் மட்டும் போகவில்லை, கம்பெனிகளும் போயின. 1958-ல் டொயோட்டா அங்கே கம்பெனி ஆரம்பித்து ஜீப் செய்தது. 1959-ல் ஜப்பானியர் ரியோவில் கப்பல் கட்டும் தளம் அமைத்தார்கள். 1962-ல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் இரு நாட்டுக் கூட்டு முயற்சியாக உசிமினாஸ் உருக்காலை சூடேறியது.

ஜப்பானில் இரும்புக் கல் கிடையாது. பிரேசிலில் மலை மலையாக இருக்கிறது. நம் பைலடிலா மலையின் இரும்புக் கல் விசாகப்பட்டினம் வழியாகப் போனதும் அதே ஜப்பான் உலைகளுக்குத்தான். ஆனால் நமக்குப் பக்கம், பிரேசிலுக்கோ தூரம். அந்தத் தூரத்தை பிரேசில் எப்படி வென்றது? 1962-ல் ஜப்பானிய உருக்காலைகளுடன் நீண்ட கால ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அதை நம்பி துபாரோ துறைமுகத்தை 1966-ல் திறந்தது. மிகப் பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் ஆழம். கப்பல் பெரிதானால் டன்னுக்கு ஆகும் செலவு குறையும். தூரம் சுருங்கிவிட்டது! வர்த்தகத்தில் மைல் கணக்கு வேறு, செலவுக் கணக்கு வேறு என்று குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்தது சோயா மொச்சை. 1973-ல் அமெரிக்கா திடீரென்று சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஜப்பானியருக்கு சோயா இல்லாமல் சாப்பாடு இல்லை. நமக்குப் பருப்பு இல்லாத மாதிரி. பதறிப்போன ஜப்பான், ஒரே நாட்டை நம்பியிருக்கக் கூடாது என்று முடிவு செய்தது. 1974-ல் பிரதமர் தனாகா பிரேசிலுக்குப் போனார். "செராடோ" என்ற பரந்த புதர்க்காட்டு மேட்டு நிலம், புளித்த செம்மண், ஒன்றும் விளையாது என்று ஒதுக்கப்பட்டது. 1979 முதல் 2001 வரை ஜப்பானியப் பணமும் பிரேசில் விஞ்ஞானிகளின் உழைப்பும் சேர்ந்து, சுண்ணாம்பு போட்டு மண்ணைத் திருத்தி, சுமார் 3.45 லட்சம் ஹெக்டேரைப் பயிருக்குக் கொண்டுவந்தன. அந்த உதாரணத்தைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். பிரேசில் இன்று உலகிலேயே அதிகம் சோயா விளைக்கும் நாடு. அதற்காக அழிந்த இயற்கைக் காட்டைப் பற்றிய சண்டை ஓயவில்லை. விளைந்ததில் பெரும் பகுதி போவது ஜப்பானுக்கு அல்ல, சீனாவுக்கு. விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் இன்னொருவன்.

ஜப்பானுக்கு வந்தது கோழி. ஜப்பான் இறக்குமதி செய்யும் கோழி இறைச்சியில் பெரும் பங்கு பிரேசில் கோழிதான்.

சாண்டோஸுக்குப் போன பையன்

ஜூடோ மாஸ்டர் மிட்சுயோ மயேடா 1914-ல் பிரேசிலுக்குப் போய்ப் பெலேம் நகரில் தங்கினார். அவரிடம் கற்ற கிரேசி குடும்பத்தார் அதைத் தங்கள் போக்கில் மாற்றி அமைத்தது இன்று உலகமெல்லாம் "பிரேசிலியன் ஜியு ஜிட்சு" என்று நடக்கிறது. ஜப்பானியரே அதைக் கற்கிறார்கள்.

பதிலுக்கு பிரேசில் கொடுத்தது கால்பந்து. 1991-ல் உலகப் புகழ்பெற்ற ஜீக்கோ, கஷிமா என்ற சிறிய தொழில் நகரத்து உருக்காலை டீமுக்கு ஆட வந்தார். 1993-ல் ஜப்பானின் தொழில்முறை லீக் ஆரம்பமானது. பின்னால் அவரே ஜப்பான் தேசிய அணியின் பயிற்சியாளர் ஆனார். கசுயோஷி மியூரா என்ற பையன் 1982-ல் பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டு பிரேசிலுக்குப் போனான். 1986-ல் அவனை எடுத்துக்கொண்டது எந்த கிளப் தெரியுமா? பெலே ஆடிய சாண்டோஸ் கிளப்!

இன்னொரு வேடிக்கை. ரொட்டிக்கு ஜப்பானிய மொழியில் "பான்". 16-ம் நூற்றாண்டில் வந்த போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். மும்பையில் நாம் தின்னும் பாவ், இலங்கைத் தமிழர் சொல்லும் பாண், எல்லாம் அதே சொல். நம் ஜன்னலும் சாவியும் அலமாரியும்கூட அந்தக் கப்பலில் வந்தவைதான். பிரேசிலிலிருந்து வந்த தொழிலாளிக்கு ஜப்பானில் முதலில் புரிந்த சொற்களில் ரொட்டி ஒன்றாக இருந்திருக்கும்.

அந்தத் தொழிலாளிகள் எப்படி ஜப்பானுக்கு வந்தார்கள் என்பதுதான் இந்தக் கதையின் அடுத்த பாதி.

திரும்பி வந்த பேரன்மார்

1980-களில் பிரேசிலில் விலைவாசி தலைகீழாயிற்று. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. டிகிரி வாங்கியவனுக்கும் சம்பளம் பத்தவில்லை. அதே சமயம் ஜப்பானில் பணம் புரண்டது. தொழிற்சாலைகளுக்கு ஆள் இல்லை. அழுக்கு வேலை, ஆபத்து வேலை, கஷ்ட வேலை: இந்த மூன்றுக்கும் ஜப்பானிய இளைஞர் வரவில்லை.

வெளிநாட்டுக் கூலியை வெளிப்படையாக அனுமதிக்க ஜப்பானுக்கு மனமில்லை. "நம் ரத்தம்தானே, ஒட்டிக்கொள்வார்கள்" என்று கணக்குப் போட்டது. 1990 ஜூனில் அமுலுக்கு வந்த திருத்தச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த ஜப்பானிய வம்சத்துப் பேரப் பிள்ளைகள்வரை வந்து எந்த வேலையும் செய்யலாம்.

வக்கீல், வாத்தியார், பாங்கு குமாஸ்தா எல்லாரும் கிளம்பினார்கள். ஹமாமட்சு, டொயோட்டா, ஓய்சுமி ஆகிய ஊர்களில் கார் உதிரி பாகமும் டி.வி.யும் செய்யும் ஆலைகளில் ராத்திரி ஷிப்ட். இரண்டு வருஷம் சேமித்து ஊர் திரும்பி வீடு வாங்கலாம் என்பதே எல்லாருடைய பேச்சும். பாட்டன் சொல்லிவிட்டுப் போனதும் அதேதான். வெளியூர் போய்ச் சம்பாதித்து வருவதை ஜப்பானியர் "டெக்காசேகி" என்பார்கள். அந்தச் சொல் பிரேசிலின் போர்த்துக்கீசிய அகராதியிலேயே ஏறிவிட்டது.

2007-ல் ஜப்பானில் இருந்த பிரேசில்காரர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல்.

முக்கால்வாசிப் பேரை வேலைக்கு எடுத்தது ஆலை அல்ல, இடையில் நின்ற ஏஜென்ட். விமான டிக்கெட் கடன், சம்பளத்தில் பிடிப்பு, தங்கும் வீடும் அவனுடையது. வேலை போனால் வீடும் போயிற்று. 1908-ன் தோட்டத்துக் கடைக்கு இதில் எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

முகம் ஜப்பானிய முகம். வாயைத் திறந்தால் போர்த்துக்கீசியம். பிரேசிலில் இவர்களை "ஜப்பான்காரன்" என்று கூப்பிட்டார்கள். இங்கே "பிரேசில்காரன்" என்றார்கள். குப்பையைப் பிரித்துப் போடத் தெரியவில்லை, ராத்திரி பாட்டுச் சத்தம் என்று குடியிருப்புகளில் தகராறு. 1998-ல் ஹமாமட்சு நகரில், வெளிநாட்டினர் நுழையக் கூடாது என்று சொல்லி ஒரு நகைக் கடைக்காரர் பிரேசில் நாட்டுப் பெண் பத்திரிகையாளர் ஒருவரை வெளியே போகச் சொன்னார். அவர் வழக்குப் போட்டார். இன வேற்றுமைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையைக் காட்டி, 1999-ல் நீதிமன்றம் அவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கத் தீர்ப்பளித்தது. ஜப்பானில் அது பெரிய தீர்ப்பு.

பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். ஜப்பானில் கட்டாயக் கல்வி ஜப்பானியக் குடிமக்களின் பிள்ளைகளுக்குத்தான். வெளிநாட்டார் பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தேடி வருபவர் இல்லை. பாடம் புரியாமல் பாதியில் நின்ற பிள்ளை, பதினைந்து வயதில் அப்பா வேலை பார்க்கும் ஆலைக்கே போயிற்று. போர்த்துக்கீசிய மொழிப் பள்ளிகள் ஏற்பட்டன. தனியார் பள்ளிகள், சம்பளம் அதிகம். நம் ஊருக்கு வெளியே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் போடுவதா, அந்த மாநில மொழியில் போடுவதா என்று மண்டையைக் குடைந்துகொண்டவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. இரண்டில் எதுவும் முழுசாக வராமல் போவதுதான் பயம்.

மூன்று லட்சம் யென்

2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. கார் ஏற்றுமதி நின்றது. முதலில் வேலையை இழந்தவர்கள் ஏஜென்ட் மூலம் வந்தவர்களே.

2009 ஏப்ரலில் ஜப்பான் அரசாங்கம் ஒரு திட்டம் அறிவித்தது. ஊர் திரும்பும் தொழிலாளிக்கு 3 லட்சம் யென், குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் 2 லட்சம் யென். நிபந்தனை: வாங்கிக்கொண்டு போனால், வம்சாவளி உரிமையில் கிடைத்த அந்த விசாவில் மறுபடி வரக் கூடாது.

வீட்டு வாடகைக்கே வழியில்லாதவன் என்ன செய்வான்? சுமார் 20 ஆயிரம் பிரேசில்காரர்கள் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார்கள். "ரத்தத்துக்கு விலை இவ்வளவுதானா?" என்ற பேச்சு இரு நாட்டிலும் எழுந்தது. 2013-ல்தான், நிபந்தனைகளோடு, அந்தத் தடையை நீக்கினார்கள்.

ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஜப்பானில் இருபது வருஷம் உழைத்துப் பென்ஷனுக்குப் பணம் கட்டியவன் ஊர் திரும்பினால், கட்டியதில் பெரும்பகுதி போய்விடும். அங்கே கட்டிய வருஷத்தையும் இங்கே கட்டிய வருஷத்தையும் கூட்டிக் கணக்குப் பார்க்க இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கை 2012 மார்ச்சில் அமுலுக்கு வந்தது. இதே மாதிரி உடன்படிக்கை இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே 2016 அக்டோபர் முதல் இருக்கிறது. ஜப்பான் போய்வரும் நம்மவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. விருந்தில் தலைவர்கள் கோப்பை உயர்த்துவதைவிட, இப்படி ஒரு காகிதம் எத்தனையோ குடும்பத்துக்கு உபயோகம்.

விருந்துகளுக்கும் குறைவில்லை. 2025 மார்ச்சில் பிரேசில் ஜனாதிபதி லூலா, அரசு விருந்தினராக டோக்கியோவுக்கு வந்தார். உறவுக்கு 130 வருஷம் நிறைந்த ஆண்டு அது.

ஜப்பானில் இப்போதும் சுமார் இரண்டு லட்சம் பிரேசில்காரர்கள் இருக்கிறார்கள். பலர் நிரந்தரக் குடியுரிமை விசா வாங்கி, கடனில் வீடு கட்டிவிட்டார்கள். "இரண்டு வருஷத்தில் திரும்புவேன்" என்று வந்தவர்கள்தான் இவர்களும்.

இனி அவர்களின் பிள்ளைகள் காலம். கசாட்டோ மாருவில் வந்தவர்களின் கொள்ளுப் பேரன், கொள்ளுப் பேத்திகளுக்கென்று 2018 ஜூலையில் ஜப்பான் ஒரு தனி விசா கொண்டுவந்தது. வருஷத்துக்கு 4,000 இடம். வயது 18-லிருந்து 30-க்குள், ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும், அங்கே ஆதரவாளர் ஒருவர் வேண்டும், ஐந்து வருஷத்துக்குமேல் தங்க முடியாது.

இன்னொரு நிபந்தனை: குடும்பத்தை அழைத்து வரக் கூடாது.

1908-ல் குடும்பம் இல்லாமல் வராதே என்றது பிரேசில். அதற்காகத் தம்பியைப் பிள்ளையாக எழுதிக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை குடும்பத்தோடு வராதே என்றது ஜப்பான். முதல் ஐந்து வருஷத்தில் மனுப் போட்டவர்கள் மிகச் சிலரே. 4,000 இடமும் ஏறத்தாழக் காலியாகவே கிடக்க, 2023 டிசம்பரில் வயது வரம்பை 35 ஆக்கி, மற்ற விதிகளையும் கொஞ்சம் தளர்த்தினார்கள்.